லினக்ஸ் கெர்னலுக்கு ஒரு வரித் திருத்தம்: கேள்வி பதில்

நாகர்கோவிலில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன். ஓய்வு நேரத்தில் லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்குச் சின்னச் சின்ன பேட்ச் (நிரல் திருத்தம்) அனுப்புவது வழக்கம். நம் மாவட்டப் பிள்ளைகள் கேட்டவற்றுக்கு இங்கே பதில்.

தக்கலை மாணவி: அண்ணா, வெறும் எழுத்துப்பிழையைத் திருத்தி அனுப்பினால் சிரிப்பார்களா?

மாட்டார்கள் மக்களே. என் முதல் பேட்சே அதுதான். ஆனால் பிழை திருத்தப் போன இடத்தில் பக்கத்து வரியையும் அழகுபடுத்தி வைக்காதே. ஒரு பேட்சுக்கு ஒரு மாற்றம்தான்.

மார்த்தாண்டம் தம்பி: கிட்ஹப் தளத்தில் புல் ரெக்வஸ்ட் (என் திருத்தத்தைச் சேர்க்கச் சொல்லும் வேண்டுகோள்) போட்டேன், யாரும் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

கெர்னலைப் பொறுத்தவரை அங்கே இருப்பது நகல்தான். பேட்ச் மின்னஞ்சலில் போக வேண்டும். கெர்னலோடு வரும் 'கெட்_மெயின்டெய்னர்' ஸ்கிரிப்டை ஓட்டினால் எந்தப் பராமரிப்பாளருக்கு அனுப்புவது என்று அதுவே சொல்லும். நிரல் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் 'கிட்' கருவியின் 'கிட் சென்ட்-இமெயில்' கட்டளை கொண்டு அனுப்பு. ஜிமெயில் பக்கத்தில் ஒட்டி அனுப்பினால் டேப் எல்லாம் ஸ்பேஸாகிவிடும், எதிர்முனையில் பேட்ச் ஒட்டாது. முதலில் உனக்கே ஒன்று அனுப்பி, 'கிட் ஏஎம்' கட்டளை போட்டு ஒட்டுகிறதா என்று பார். நான் அப்படிப் பார்க்காமல் அனுப்பி அசடு வழிந்திருக்கிறேன்.

குலசேகரம்: இங்கே நெட் ரொம்ப மெதுவு. கெர்னலை இறக்கவே முடியவில்லை.

முழுதாக இறக்கினால் சில ஜிபி ஆகும். கிட்டில் இறக்கும்போது 'டெப்த் 1' கொடுத்தால் பழைய வரலாறு இல்லாமல் சிறிதாக வரும். எழுத்துப்பிழைக்கு அது போதும். பிழை எந்தக் கமிட்டில் (வரலாற்றில் பதிந்த மாற்றத்தில்) நுழைந்தது என்று தேட வேண்டுமானால் முழு வரலாறும் வேண்டும். அதைக் கல்லூரி லேபில் ஒருமுறை இறக்கிக்கொள். அப்புறம் மழையில் நெட் போனாலும் கமிட் போடலாம், எல்லாம் உன் கணினியிலேயே இருக்கிறது.

கமிட் செய்தியில் என்ன எழுதுவது?

பாதிப் பேர் சறுக்குவது இங்கேதான். 'பிழை திருத்தப்பட்டது' என்று எழுதி என்ன பயன்? என்ன மாற்றினாய் என்பது பழைய வரியையும் புதிய வரியையும் காட்டும் டிஃப்பிலேயே தெரியும். ஏன் மாற்றினாய் என்பது உனக்கு மட்டும்தான் தெரியும். எந்தச் சூழலில் கோளாறு வந்தது, பயனருக்கு என்ன ஆனது, இந்தத் திருத்தம் ஏன் சரி என்று எழுது. தலைப்பு வரி 70, 75 எழுத்துக்குள், கெர்னலில் நீ தொட்ட பகுதியின், அதாவது துணை அமைப்பின் பெயரோடு தொடங்கட்டும். கடைசியில் 'சைன்ட்-ஆஃப்-பை' வரி. 'இதை அனுப்ப எனக்கு உரிமை உண்டு' என்று நீ போடும் கையெழுத்து அது. தன் நிரல் லினக்ஸில் இருக்கிறது என்று எஸ்சிஓ நிறுவனம் போட்ட வழக்கு கிளம்பிய பிறகு, 2004-இல் வந்த வழக்கம்.

கொளச்சல்: நான்கு நாளாகப் பதிலே இல்லை அண்ணா.

ஒரு வாரமாவது பொறு. அடுத்த பதிப்புக்கான மாற்றங்களைச் சேர்க்கும் மெர்ஜ் விண்டோ நடக்கும் இரண்டு வாரமும் பராமரிப்பாளர்கள் தலைக்கு மேல் வேலையில் இருப்பார்கள். அப்புறம் ஒரே ஒரு நினைவூட்டல் போடு.

குறை சொல்லிப் பதில் வந்துவிட்டது. இனி?

நல்லதுதான், யாரோ படித்திருக்கிறார்கள். அவர்கள் எழுதிய வரிக்குக் கீழேயே பதில் எழுது. திருத்தியதை 'வி2' (இரண்டாம் பதிப்பு) என்று அனுப்பு. முதல் பதிப்பிலிருந்து என்ன மாறியது என்பதை கமிட் செய்திக்குப் பின் வரும் மூன்று கோட்டுக்கு (---) கீழே எழுது. அது வரலாற்றில் பதியாது. எனக்கு ஒரு வரி வி5 வரை போனது.