அலுவலக விளையாட்டுக்கு எப்போதும் அதே நாலு பேர்தான் வருகிறார்கள். மற்றவர்களை எப்படி ஈடுபடுத்துவது?

முதலில் நேரத்தைப் பாருங்கள். வேலை முடிந்தபிறகு வைத்தால் வீட்டில் குழந்தை காத்திருப்பவர் வரமாட்டார். வேலை நேரத்துக்குள்ளேயே 30 நிமிடம் ஒதுக்குங்கள், அந்த நேரத்தில் வேறு மீட்டிங் போடாதீர்கள். சீட்டுக் குலுக்கி, வெவ்வேறு பிரிவினர் கலந்த 4 அல்லது 5 பேர் குழுக்களாகப் பிரியுங்கள். 8 பேர் சேர்ந்தால் இரண்டு பேர் பேசுவார்கள், மீதிப்பேர் வேடிக்கை பார்ப்பார்கள். வினாடி வினா, படப்புதிர் போல உட்கார்ந்தே ஆடக்கூடியவை நல்லது. மேடையேறி ஆடு, பாடு என்று யாரையும் இழுக்காதீர்கள். ஒருமுறை கூச்சப்பட்டவர் அடுத்த முறை லீவு போட்டுவிடுவார். ஆட விரும்பாதவருக்கு ஸ்கோர் எழுதும் வேலை கொடுங்கள், அதுவும் பங்கேற்புதான்.

விளையாட்டைப் போலவே பாராட்டும் எல்லாரையும் சேர வேண்டும், அதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். 'இந்த மாதச் சிறந்த ஊழியர்' என்று வாக்கெடுப்பு வைத்தால் கலகலப்பாகப் பழகுபவரே ஜெயிப்பார். கணக்குகளைச் சரிபார்க்கும் அமைதியான ஆள் கண்ணிலேயே படமாட்டார். அதற்குப் பதில் சக ஊழியர்கள் எழுதும் நன்றி அட்டை வையுங்கள். 'நல்லா வேலை செஞ்சீங்க' போதாது. 'செவ்வாயன்று இன்வாய்ஸில் ஒரே தொகை இருமுறை பதிவானதைக் கண்டுபிடித்தீர்கள், வாடிக்கையாளருக்குத் தவறான பில் போகாமல் தப்பியது' என்று செயலும் பலனும் இருக்க வேண்டும். அந்த வாரமே கொடுத்துவிடுங்கள். எல்லார் முன்பும் வாசிக்கலாமா என்று முன்பே கேளுங்கள், சிலருக்குத் தனியாகச் சொல்வதே பிடிக்கும். இரவு ஷிப்டுக்கும் வீட்டிலிருந்து வேலை செய்பவர்களுக்கும் தனி நேரம் வையுங்கள்.