அவுட்லுக் இணைப்புகள் நேராக டி டிரைவுக்குப் போக என்ன செய்வது?

கேள்வி: பட்டர்வொர்த்தில் சரக்கு அனுப்பும் நிறுவனம் ஒன்றில் கணக்குப் பிரிவில் வேலை. சப்ளையர்கள் மின்னஞ்சலில் அனுப்பும் இன்வாய்ஸ்களை சேவ் செய்யப் போனால், தினமும் காலையில் அவுட்லுக் டாக்குமெண்ட்ஸ் ஃபோல்டரைத்தான் திறந்து காட்டுகிறது. எங்கள் கோப்புகள் எல்லாம் டி டிரைவில் உள்ளன. இதை நிரந்தரமாக மாற்ற முடியுமா? வீட்டில் தண்டர்பேர்ட் என்ற மின்னஞ்சல் மென்பொருள் வைத்திருக்கிறேன், அதில் எப்படி?

பதில்: முடியும். ஆனால் அவுட்லுக்கின் ஆப்ஷன்ஸ் பக்கத்தில் எவ்வளவு தேடினாலும் அதற்கென்று ஒரு பொத்தான் கிடைக்காது. விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்து வைக்கும் ரிஜிஸ்ட்ரியில் ஒரே ஒரு வரி சேர்க்க வேண்டும்.

முதலில் உங்களிடம் இருப்பது பழைய அவுட்லுக்கா, புதியதா என்று பாருங்கள். இடது மேல் மூலையில், ஹோம் என்பதற்கு முன்னால் ஃபைல் என்று இருந்தால் அது பழையது. ஸ்டார்ட் மெனுவிலும் கிளாசிக் என்ற சொல்லோடு இருக்கும். கீழே சொல்லும் ரிஜிஸ்ட்ரி வழி பழையதற்கு மட்டும்தான்.

சேமிக்க வேண்டிய ஃபோல்டரை முதலில் உருவாக்கிவிடுங்கள். உதாரணமாக, டி:\கணக்கு\வந்தவை. அவுட்லுக்கை முழுவதுமாக மூடுங்கள். விண்டோஸ் விசையோடு ஆர் விசையை அழுத்தி, வரும் பெட்டியில் ரெஜ்எடிட் என்று ஆங்கிலத்தில் தட்டி எண்டர் கொடுங்கள். இடப்பக்க மரத்தில் ஹெச்கீ கரண்ட் யூசர், சாஃப்ட்வேர், மைக்ரோசாஃப்ட், ஆஃபிஸ், 16.0, அவுட்லுக், ஆப்ஷன்ஸ் என்ற வரிசையில் இறங்குங்கள். அவுட்லுக் 2016, 2019, 2021, 365 எல்லாவற்றுக்கும் எண் 16.0தான். 2013 என்றால் 15.0, 2010 என்றால் 14.0. ஆப்ஷன்ஸைத் தேர்ந்தெடுத்த பிறகு, எதையும் தொடுமுன் மேலே ஃபைல், எக்ஸ்போர்ட் கொடுத்து ஒரு பிரதி எடுத்து வையுங்கள். அரை நிமிட வேலைதான், தவறு நடந்தால் அதுதான் கைகொடுக்கும்.

இனி வலப்பக்க வெற்றிடத்தில் வலது கிளிக் செய்து, நியூ, ஸ்ட்ரிங் வேல்யூ. பெயர் டிஃபால்ட்பாத். ஆங்கிலத்தில் இரு சொல்லையும் இடைவெளி விடாமல் சேர்த்து எழுத வேண்டும். அதை இருமுறை கிளிக் செய்து, வேல்யூ டேட்டா பெட்டியில் ஃபோல்டரின் முழுப் பாதையை இடுங்கள். மூடிவிட்டு அவுட்லுக்கைத் திறந்து, ஏதாவது ஓர் இணைப்பை சேவ் அஸ் கொடுத்துப் பாருங்கள். உங்கள் ஃபோல்டர் திறக்க வேண்டும்.

திறக்கவில்லையா? பெரும்பாலும் இரண்டில் ஒன்றுதான் காரணம். எக்ஸ்ப்ளோரரில் காப்பி அஸ் பாத் கொடுத்து ஒட்டினால், பாதையின் இரு முனைகளிலும் மேற்கோள் குறி ஒட்டிக்கொண்டு வரும். அதை அழித்துவிட வேண்டும். அடுத்தது, அந்த ஃபோல்டர் அந்த நேரத்தில் கண்ணுக்கு எட்டவில்லை என்பது. பென்டிரைவிலோ, சர்வரில் இருக்கும் இசட் டிரைவிலோ பாதை வைத்தால், காலையில் நெட்வொர்க் இணைவதற்குள் அவுட்லுக்கைத் திறந்துவிட்டால் மறுபடியும் டாக்குமெண்ட்ஸுக்கே போய்விடும். அதனால் இந்த இயல்பிடம் கணினியின் சொந்த டிரைவில் இருப்பதே நல்லது. கோப்புகளைப் பிறகு சர்வருக்கு மாற்றிக்கொள்ளலாம்.

ஒன்றைத் தவறு என்று நினைத்துவிட வேண்டாம்: நடுவில் வேறு ஃபோல்டரில் ஒரு கோப்பைச் சேமித்தால், அடுத்த முறை அவுட்லுக் அந்த ஃபோல்டரையே காட்டும். மூடித் திறந்தால் திரும்பவும் உங்கள் பாதைக்கு வந்துவிடும்.

வந்தவை ஃபோல்டரில் பலர் அனுப்பும் கோப்புகள் ஒரே பெயரில் வந்து குவியும் என்பதையும் கவனியுங்கள். பத்து சப்ளையரில் பாதிப்பேர் இன்வாய்ஸ் என்றே பெயர் வைப்பார்கள். மேலெழுதட்டுமா என்று கேட்கும்போது அவசரத்தில் எஸ் தட்டினால் முந்தைய பில் போய்விடும். சேமிக்கும்போதே சப்ளையர் பெயரையும் தேதியையும் சேர்த்து எழுதுங்கள், மாதம் முடிந்ததும் அந்தந்த மாத ஃபோல்டருக்கு நகர்த்துங்கள். மலேசிய வருமான வரிச் சட்டப்படி கணக்கு ஆவணங்களை 7 ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்பது கணக்குப் பிரிவினருக்குச் சொல்லத் தேவையில்லை.

புதிய அவுட்லுக்கில் இந்த வரி வேலை செய்யாது. அது கோப்புகளை விண்டோஸின் டவுன்லோட்ஸ் ஃபோல்டருக்கு அனுப்புகிறது. ஆகவே டவுன்லோட்ஸையே இடம் மாற்றலாம்: அதன்மேல் வலது கிளிக், ப்ராப்பர்டீஸ், லொகேஷன், மூவ். டி டிரைவுக்குள் ஒரு ஃபோல்டரைக் காட்டுங்கள், டி டிரைவையே நேராகக் காட்டாதீர்கள். அப்படிச் செய்தால் டிரைவ் முழுவதும் டவுன்லோட்ஸ் ஆகிவிடும், திருப்பி எடுப்பது தலைவலி. பிரவுசர் இறக்கும் கோப்புகளும் பெரும்பாலும் இங்கேதான் வந்து சேரும், அது பரவாயில்லை என்றால் மட்டும் செய்யுங்கள்.

கம்பெனி கணினியில் ரிஜிஸ்ட்ரியைத் தொட விடாமல் பூட்டியிருந்தால், எக்ஸ்ப்ளோரரில் அந்த ஃபோல்டரை வலது கிளிக் செய்து குயிக் ஆக்சஸில் பின் செய்துவிடுங்கள். சேவ் அஸ் பெட்டியின் இடப்பக்கத்தில் எப்போதும் இருக்கும், ஒரே கிளிக். உண்மையைச் சொன்னால், பலருக்கு இதுவே போதும்.

சேமிக்காமல் இணைப்பை நேரடியாகத் திறந்து வேலை செய்கிறவர்கள் அலுவலகத்துக்கு ஒருவராவது இருப்பார்கள். அப்படித் திறக்கும் கோப்பு, ஐநெட்கேஷ் என்ற தற்காலிக ஃபோல்டருக்குள் கண்ட்டென்ட் அவுட்லுக் என்னும் மறைவிடத்தில்தான் இருக்கும். எக்செலில் திருத்தி, கண்ட்ரோல் எஸ் தட்டிவிட்டு மூடினால், அந்தத் திருத்தம் எங்கே என்று மறுநாள் தேட வேண்டிவரும். முதலில் சேமித்துவிட்டு, டி டிரைவிலிருந்து திறப்பதுதான் சரி.

தண்டர்பேர்டில் ரிஜிஸ்ட்ரி தேவையில்லை. செட்டிங்ஸ், ஜெனரல் பக்கத்தில் ஃபைல்ஸ் அண்ட் அட்டாச்மென்ட்ஸ் என்ற பகுதி வரை இறங்குங்கள். சேவ் ஃபைல்ஸ் டு என்பதைத் தேர்ந்தெடுத்து, பிரவுஸ் தட்டி ஃபோல்டரைக் காட்டினால் முடிந்தது. ஆல்வேஸ் ஆஸ்க் என்பதைத் தேர்ந்தெடுத்தால் ஒவ்வொரு முறையும் கேட்கும். சேவ் அஸ் கொடுக்கும்போது அது கடைசியாகச் சேமித்த இடத்தை நினைவில் வைத்திருக்கும் என்பதால், வேறிடம் காட்டினால் பயப்பட வேண்டாம்.

ஆனால் இணைப்பில் வலது கிளிக் செய்யும்போது சேவுக்குப் பக்கத்திலேயே டிடாச் என்றும் ஒன்று இருக்கிறது. அது கோப்பை ஃபோல்டரில் வைத்துவிட்டு மின்னஞ்சலிலிருந்து நீக்கிவிடும், அங்கே கோப்பு இருக்கும் இடத்தைச் சுட்டும் லிங்க் மட்டும் மிஞ்சும். பிறகு அந்தக் கோப்பை மாத ஃபோல்டருக்கு நகர்த்தினீர்கள் என்றால் மின்னஞ்சலிலிருந்து அதைத் திறக்க முடியாது. இன்வாய்ஸ் விஷயத்தில் டிடாச்சைத் தொடாமல் சேவ் மட்டும் பயன்படுத்துங்கள்.