அம்மா இருக்கும் பிள்ளைகள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

சிங்கப்பூரில் பாலிடெக்னிக் படிக்கிறேன். போன டிசம்பரில் எங்கள் சபை வாலிபர் குழுவோடு கம்போடியாவுக்கு ஊழியப் பயணம் போனேன். சியெம் ரீப் பக்கம் ஓர் அனாதை இல்லத்தில் பாட்டு, பைபிள் கதை, சுவருக்கு வண்ணம் பூசுவது என்று ஒரு வாரம். வேனை விட்டு இறங்கி உட்கார்ந்ததுமே ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி என் மடியில் ஏறிக்கொண்டாள். "பொங், பொங்" (அக்கா) என்று கூப்பிட்டபடி என் தலைமுடியைப் பின்னிக்கொண்டிருப்பாள். கிளம்பும் நாளில் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். எங்கள் வேன் நகரும்போதே அடுத்த குழுவின் பஸ் வந்து நின்றது. அவள் அதை நோக்கி ஓடினாள். அப்பா இறந்துவிட்டார், அம்மா ப்னோம் பென்னில் கார்மென்ட்ஸ் வேலை பார்க்கிறார் என்று சமையல் செய்யும் பெண் சொன்னது அப்புறம்தான் உறைத்தது. இந்த ஞாயிறு சபையில் சாட்சி சொல்லச் சொல்கிறார்கள். என்ன சொல்வது?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள சகோதரிக்கு,

பார்த்ததைச் சொல்லுங்கள். அந்த பஸ்ஸையும் சேர்த்து.

வீட்டில் வளரும் ஆறு வயதுப் பிள்ளை புதிய ஆளைக் கண்டால் பெரும்பாலும் அம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டு எட்டிப் பார்க்கும். யார் வந்தாலும் ஒட்டிக்கொள்வது, நிலையாக ஒட்டிக்கொள்ள ஆள் இல்லாத பிள்ளைகளிடம் அதிகம் காணப்படுவது. ருமேனியாவின் புக்காரெஸ்ட்டில் 2000-இல் தொடங்கிய நீண்ட ஆய்வில், இல்லங்களிலிருந்து வளர்ப்புக் குடும்பங்களுக்குப் போன குழந்தைகள் அறிவிலும் உறவிலும் நன்றாகத் தேறினார்கள். சின்ன வயதிலேயே போனவர்கள் இன்னும் நன்றாக. உங்கள் அன்பில் எந்தக் குறையும் இல்லை. ஆனால் வாரம் ஓர் அக்கா வந்து போவதை எந்தக் குழந்தையும் தாங்காது.

கம்போடியாவில் லட்சக்கணக்கானோரைக் கொன்ற கெமர் ரூஜ் ஆட்சி 1979-இல் விழுந்தது. அந்தக் கொடுமையில் பெற்றோரை இழந்த பிள்ளைகள் இன்று ஐம்பதைத் தொட்டவர்கள். ஆனால் கம்போடியாவில் இல்லங்கள் 75 சதவீதம் பெருகியது 2005-க்கும் 2010-க்கும் இடையில், வெளிநாட்டுப் பயணிகள் குவியத் தொடங்கிய காலத்தில். அங்கிருந்த பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருந்தார்கள். மூன்று வேளைச் சோறும் பள்ளிப் படிப்பும் கிடைக்கும் என்று சொன்னால் எந்த ஏழைத் தாய்தான் மறுப்பாள்? இல்லம் நடத்துபவர்களில் உண்மையானவர்கள் உண்டு. ஆனாலும் பிள்ளைகள் இருந்தால்தான் காணிக்கை வரும் என்றால், பிள்ளைகளைத் தேடிப் போகவே செய்வார்கள். 2015-இல் அந்நாட்டு அரசே இல்லங்களுக்கான விதிகளைக் கடுமையாக்கியது.

புறப்படும் முன் ஜெபக்கூட்டத்தில் யாக்கோபு 1:27-ஐ வாசித்திருப்பீர்கள். திக்கற்ற பிள்ளைகளையும் விதவைகளையும் விசாரிக்கும்படி சொல்கிற வசனம். அதில் பிள்ளையும் தாயும் சேர்ந்தே இருக்கிறார்கள். நாம் பிள்ளையை மட்டும் மடியில் வைத்துக்கொண்டு, தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்திருக்கும் அந்த விதவையை விட்டுவிட்டோம். எனக்கு ஆறவே இல்லை.

சபையார் முன்னால் இதைக் கேளுங்கள்: அந்த அம்மா கடைசியாக எப்போது மகளைப் பார்க்க வந்தார்? மகளைத் தன்னோடு வைத்துக்கொள்ள அவருக்கு என்ன தேவை? வாடகையா, பகலில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளா, பள்ளிச் செலவா? அடுத்த டிசம்பர் குழுவின் விமானக் கட்டணத்தை அதற்குக் கொடுக்கலாமே. இல்லத்துக்குப் போகும் பணத்தைச் சட்டென்று நிறுத்த வேண்டாம், அடி பிள்ளைகள் மேல்தான் விழும். பிள்ளைகளைத் திரும்பக் குடும்பத்தோடு சேர்க்கும் வேலைக்கு அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பச் சொல்லுங்கள். அங்கே அதைச் செய்யும் உள்ளூர்ச் சமூகப் பணியாளர்கள் இருக்கிறார்கள்.

மூப்பர்கள் சிலருக்குப் பிடிக்காமல் போகலாம். அதற்காகச் சாட்சியைச் சுருக்கிவிடாதீர்கள். என்ன பதில் வந்தது என்று எனக்கு எழுதுங்கள்.