கேள்வி – பதில்: பொருளுக்கு ஓர் இடம், பிள்ளைக்கு எட்டும் உயரம்

கேள்வி: தே. கல்லுப்பட்டிக்கு அருகில் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி ஒன்றில், முதல் மூன்று வகுப்புகளையும் ஒரே அறையில் வைத்து நடத்துகிறேன். மின்னட்டைகள் (எழுத்தோ படமோ காட்டிக் கற்பிக்கும் அட்டைகள்), மணிச்சட்டங்கள், கதைப் புத்தகங்கள் எல்லாம் மாலைக்குள் தரை முழுவதும் இறைந்துவிடுகின்றன. கண்டித்தும் பயனில்லை. மணி அடித்த பிறகு நானே குனிந்து பொறுக்கி வைத்துவிட்டுத்தான் பேருந்துக்கு ஓடுகிறேன். இதற்கு வழி உண்டா? (ஓர் இடைநிலை ஆசிரியை)

பதில்: உண்டு. முதலில் கண்டிப்பதை நிறுத்துங்கள். ஒரு பொருள் நேற்று ஜன்னல் திண்டிலும் இன்று பீரோவின் மேலும் இருக்குமானால், “எடுத்த இடத்தில் வை” என்று சொல்வதைப் பிள்ளை எப்படி நிறைவேற்றும்? ஜூன் மாதம் வந்து சேர்ந்த ஒன்றாம் வகுப்புக் குழந்தை, யாரையும் கேட்காமல் ஒரு பொருளை எடுக்கவும், யாரையும் கேட்காமல் திருப்பி வைக்கவும் முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லை என்றால், திருத்த வேண்டியது அலமாரியைத்தான்.

அந்த வயதுக் குழந்தையின் தோள் உயரம் ஏறத்தாழ மூன்று அடி. அன்றாடம் புழங்கும் பொருள் எதுவும் அதற்கு மேலே இருக்கக் கூடாது. பிள்ளைகள் அட்டைகளையும் பொருள்களையும் கையாண்டு தாமே செய்து கற்கும் செயல்வழிக் கற்றல் முறை 2007-08இல் தமிழகம் முழுவதும் வந்தபோது, சுவரின் அடிப்பகுதியில் பிள்ளைகளுக்கென்று கரும்பலகை தீட்டியது இந்த எண்ணத்தால்தான். அந்தப் பலகை உங்கள் அறையில் இன்னும் இருந்தால், அதன் முன்னே மேசையையோ மூட்டையையோ போட்டு மறைத்துவிடாதீர்கள்.

அடுத்தது அடையாளம். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத குழந்தைக்கு “மணிச்சட்டம்” என்று எழுதி ஒட்டுவதால் பயனில்லை. அலமாரித் தட்டில் மணிச்சட்டத்தை வைத்து, சாக்பீஸால் சுற்றிலும் கோடு இழுத்து, அந்தக் கோட்டின் மேல் பெயிண்ட் தடவிவிடுங்கள். பொருள் இல்லாதபோது அந்த வடிவம் வெறுமையாகத் தெரியும். எது திரும்பி வரவில்லை என்று கேட்பதற்கு முன்பே ஒரு பிள்ளை போய்த் தேடத் தொடங்கிவிடும். அதன் கீழே பெயரையும் எழுதி வையுங்கள், படிக்கப் பழகும்போது அதுவே ஒரு பாடமாகும். தொடக்க வகுப்புப் பிள்ளைகள் அடிப்படை எழுத்தும் கணக்கும் கற்க 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலைவாரியாக வரும் பயிற்சி நூல்களை மூன்று நிறத் தட்டுகளில் பிரித்து வைக்கலாம். ஆனால் தட்டின் மேல் நிலையின் பெயரை எழுத வேண்டாம். யார் எந்த நிலையில் இருக்கிறார் என்பதை அறை முழுவதற்கும் பறைசாற்ற வேண்டிய தேவை எதுவும் இல்லை.

அட்டைகளைப் போட்டு வைக்கப் பனையோலைப் பெட்டிகளை வாங்குங்கள். எடை இல்லை, கையைக் கிழிப்பதில்லை, கீழே போட்டாலும் உடைவதில்லை. ஒவ்வொரு பெட்டியிலும் இருபது அட்டைகள் என்று வைத்துக்கொண்டு, மூடுவதற்கு முன் எண்ணிப் பார்க்கச் செய்தால், அது எண் பயிற்சியாகவும் ஆகிறது. உங்கள் பக்கம் கரிசல் மண் என்பதால், ஐப்பசி, கார்த்திகை மழையில் காலோடு வரும் சேறு பாய் வரைக்கும் ஏறிவிடும். ஆகவே செருப்பு வரிசை வாசலுக்கு வெளியிலும், நனைந்த சாக்கு ஒன்று படியிலும் இருக்கட்டும். புத்தகங்களைத் தரையிலோ சுவரை ஒட்டியோ அடுக்காதீர்கள், கரையான் ஓசையில்லாமல் தின்றுவிடும்.

எல்லாவற்றையும் விட முக்கியமாக நான் கருதுவது நேரம். ஒழுங்குபடுத்துவது மணி அடித்த பிறகு செய்யும் வேலையாக இருக்கக் கூடாது. கடைசிப் பாடவேளையின் இறுதிப் பத்து நிமிடங்களை அதற்கென்றே ஒதுக்கி, மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒருவரோடு ஒன்றாம் வகுப்புப் பிள்ளை ஒருவரை இணைத்து, ஒவ்வொரு இணைக்கும் ஒரு மூலையை ஒப்படையுங்கள். பாயைத் தூக்கி உதறினால் அடியில் கிடக்கும் பென்சில் சீவலும் கொட்டைத் தோலும் தெரியும். அதைப் பிள்ளைகளே பார்க்கட்டும். நீங்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்ப்பது முதல் சில நாட்களுக்குக் கடினமாகத்தான் இருக்கும். நீங்களே முந்திக்கொண்டு எடுத்து வைத்தால், அவர்கள் பழகவே மாட்டார்கள்.

கேள்வி: மேலூர் பக்கம் மூன்றாம் வகுப்புப் படிக்கும் என் மகளை வகுப்பறையைக் கூட்டச் சொல்கிறார்களாம். பையன்களைச் சொல்வதில்லையாம். இது சரியா? (ஒரு தாய்)

பதில்: தான் இறைத்ததைத் தானே அள்ளுவது நல்ல பழக்கம், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பெண் பிள்ளைகளை மட்டும் கூட்டச் சொல்வது தவறு, மாற்றப்பட வேண்டியது. வருகைப் பதிவேட்டின் வரிசைப்படி ஆணும் பெண்ணும் முறை வைத்துச் செய்ய வேண்டும். தாமதமாக வந்ததற்கோ வீட்டுப்பாடம் எழுதாததற்கோ தண்டனையாக விளக்குமாற்றைக் கையில் கொடுக்கக் கூடாது. குடும்பத்தையோ சாதியையோ பார்த்து ஒரு பிள்ளையைத் தேர்ந்தெடுப்பது மன்னிக்க முடியாத கொடுமை. கழிப்பறையைச் சுத்தம் செய்யும் வேலையை எந்தப் பிள்ளைக்கும் தரவே கூடாது. பள்ளியில் உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தடை செய்கிறது. அதே சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர்தாம். முதலில் வகுப்பாசிரியரிடம் நிதானமாகப் பேசுங்கள். மாற்றம் இல்லையென்றால் குழுக் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

கேள்வி: எங்கள் வகுப்பின் நான்கு சுவர்களிலும் சார்ட்டுகள். பீரோவும் நிரம்பி வழிகிறது. எதையும் தூக்கிப் போட மனம் வரவில்லை. (ஓர் ஆசிரியர், உசிலம்பட்டி)

பதில்: இந்தப் பருவத்துப் பாடத்துக்கு உதவாத சார்ட்டைக் கழற்றிவிடுங்கள். எதுவும் ஒட்டாத சுவர் ஒன்றாவது இருந்தால்தான் மற்றவற்றின் மேல் பிள்ளைகளின் கண் நிற்கும். பிள்ளைகள் வரைந்த படங்களுக்கு இடம் வேண்டுமென்றால், செயல்வழிக் கற்றலுக்காக முன்பு தலைக்கு மேல் கட்டிய கம்பிப் பந்தல் இருக்கும் அறைகளில் அதில் தொங்கவிடலாம். இருப்புப் பதிவேட்டில் ஏறிய பொருளைத் தலைமையாசிரியர் வழியாக உரிய அனுமதி பெற்றே கழிக்க முடியும். நீங்கள் சொந்தமாகச் செய்தவற்றுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. பருவ விடுமுறைக்கு முந்தைய நாள் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து, இந்த ஆண்டு ஒரு முறையாவது பயன்பட்டதா என்று பார்த்து, பயன்படாததை வீட்டுக்கு எடுத்துச் செல்ல விரும்பும் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுங்கள்.