பழைய கம்ப்யூட்டர் பாகங்களையும் கேபிள்களையும் எடைக்குப் போட்டுவிடலாமா?

ஒரு பெட்டி நிறைய கேபிள், ராம், ஹார்ட் டிஸ்க் இருக்கிறது, வீட்டில் இடம் அடைக்கிறது என்று திட்டு விழுகிறது, அதனால் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். பெட்டியோடு அப்படியே எடைக்குப் போட வேண்டாம்.

ஈரோட்டில் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்கிறேன். எனக்குத் தெரிந்த ஒரு லாரி புக்கிங் ஆபீஸில் கார்பன் பிரதியோடு ரசீது போடுவதால் இன்னும் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர்தான். ஊசி தட்டி அச்சடித்தால்தான் அடித்தாள் வரைக்கும் எழுத்து விழும், லேசர் பிரிண்டர் அதற்கு ஆகாது. அங்கே ஒரு நாள் பிரிண்டரைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் பழைய பேரலல் கேபிளை எலி கடித்துவிட்டது. கடையில் யூஎஸ்பி மாற்றுக் கேபிள்தான் கிடைத்தது, ஆனால் அவர்களுடைய மென்பொருள் விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்தது, எல்பிடி1 என்ற பழைய பிரிண்டர் போர்ட்டுக்குத்தான் நேராக அனுப்பும், யூஎஸ்பியில் ஒன்றும் வரவில்லை. லோடு ஏற்றிய லாரிகள் ரசீதுக்காக நிற்கின்றன. என் பெட்டியில் ஒரு பக்கம் 25 ஊசி, மறுபக்கம் 36 முனை உள்ள அதே கேபிள் இருந்தது. மாட்டியதும் பிரிண்டர் ஓட ஆரம்பித்தது. "இதையெல்லாம் இன்னும் வெச்சிருக்கீங்களா தம்பி" என்று முதலாளி கேட்டது எனக்கு இன்றைக்கும் பெருமைதான்.

நான் கேட்காமலேயே அவர் காசு கொடுத்தார், அதையும் சொல்ல வேண்டும். ஆன்லைனில் பொருளை வாங்கிவிட்டு, மாட்டித் தரச் சொல்லி நம்மிடம் வந்து, சர்வீஸ் சார்ஜ் என்றதும் முகம் சுளிப்பவர்கள்தான் இப்போது அதிகம். அரை மணி நேர வேலைக்குக் கூலி கேட்பது தப்பா?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எல்லாவற்றையும் சேர்த்து வைக்கச் சொல்லவில்லை, கமென்டில் சண்டைக்கு வராதீர்கள். பவர் கார்டு, எச்டிஎம்ஐ, லேன் கேபிள், பழைய மானிட்டருக்கு ஒரு விஜிஏ கேபிள், இவை போதும். டிடிஆர்3 வகை ராம் (மெமரி) இருந்தால் பழைய லேப்டாப் வைத்திருக்கும் யாருக்காவது கொடுங்கள், அவருக்கு அது பெரிய உதவி. அதற்கு முந்தைய டிடிஆர்2 வகை, டிடிஆர்3 மாட்டும் இடத்தில் பொருந்தாது, வெட்டு இருக்கும் இடமே வேறு. சென்னைக்காரர் என்றால் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் விசாரித்துப் பாருங்கள், எனக்கு அங்கே யாரிடமும் கமிஷன் கிடையாது.

மீதியை எடைக்குப் போடாமல் பதிவு பெற்ற இ-வேஸ்ட் மறுசுழற்சிக்காரரிடம் கொடுங்கள். 2023 ஏப்ரல் முதல் நடப்பில் இருக்கும் புது விதிகளும் இந்தக் கழிவு அவர்களிடம்தான் போக வேண்டும் என்கின்றன. எடைக்குப் போகும் வயரைப் பல இடங்களில் செம்புக்காக எரிக்கிறார்கள், மேலே உள்ள பிவிசி எரிந்தால் டையாக்சின் என்ற நச்சு வரும், அந்தப் புகையைச் சுவாசிப்பது அங்கே வேலை செய்கிறவர்களும் பக்கத்து வீட்டுக் குழந்தைகளும்தான். உப்பிய லேப்டாப் பேட்டரி இருந்தால் அழுத்தாமல், குத்தாமல் தனியாக வையுங்கள், தீப்பிடிக்கும்.

ஹார்ட் டிஸ்கை மட்டும் யாரிடமும் அப்படியே கொடுத்துவிடாதீர்கள். குவிக் ஃபார்மட் செய்தால் ஃபைல்களின் பட்டியல்தான் அழியும், உங்கள் ஆதார் நகலும் குடும்பப் படங்களும் உள்ளேயே இருக்கும். ஓடுகிற டிஸ்க் என்றால் வேண்டியதை நகலெடுத்துக்கொண்டு முழு ஃபார்மட் போடுங்கள். ஓடவில்லை என்றால் துளைபோடும் மெஷினில் தட்டு வரைக்கும் ஓட்டை போட்டுவிட்டுக் கொடுங்கள்.