அசாயி குடித்தால் தசை வளருமா? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எனக்கு வயது 26, எடை 64 கிலோ. பகலில் ஒபிஸ், இரவு ஏழு மணிக்கு ஜிம். பயிற்சி முடிந்ததும் ஒரு கரண்டி அசாயி பவுடரைத் தண்ணீரில் கலந்து குடித்தால் தசை வளரும், இரவுச் சோற்றை விட்டுவிடலாம் என்று கோச் சொல்கிறார். விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. வாங்கலாமா?
(வாசகர், வெள்ளவத்தை)

பதில்: தம்பி, சோற்றை விடாதீர்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

அசாயி நல்ல பழம், அதில் சந்தேகமே இல்லை. அமேசன் ஆற்றோரச் சதுப்பு நிலத்தில் வளரும் ஒரு பனையினத்தின் பழம், கொத்துக் கொத்தாகக் காய்த்து நாவல் நிறத்தில் பழுக்கும். பழத்தில் பெரும்பகுதி கொட்டைதான், மேலே மெல்லிய சதை, அதுவும் பறித்து ஒரு நாள் போனாலே கெடத் தொடங்கிவிடும் என்பதால் கொழும்பில் நமக்குக் கிடைப்பது உறையவைத்த கூழ் அல்லது உலர்த்திய பவுடர். சரி, கணக்கைப் பார்ப்போம். உலர்த்திய பவுடர் 100 கிராமில் புரதம் 8 கிராம் அளவுதான், கொழுப்பு 30 கிராமுக்கு மேல், மீதியில் பெரும்பகுதி நார்ச்சத்து. நீங்கள் கலக்கும் ஒரு கரண்டி சுமார் 5 கிராம் வரும். அதில் புரதம் அரைக் கிராம்கூட இல்லை. ஒரு முட்டையில் 6 கிராம் இருக்கிறது.

எடை தூக்குகிறவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.4 முதல் 2 கிராம் வரை புரதம் ஒரு நாளைக்கு வேண்டும். உங்களுக்கு 100 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். காலையில் இரண்டு முட்டை, பின்னேரம் ஜிம்முக்குப் போகும் முன் ஒரு கிண்ணம் அவித்த பயறு, மதியமும் இரவும் நல்ல பெரிய மீன் துண்டும் பருப்பும், இடையில் ஒரு கோப்பைத் தயிர். இதிலேயே கிட்டத்தட்ட வந்துவிடும். சூரை மீன் 100 கிராமில் மட்டும் 22 கிராமுக்குக் குறையாது. சோறு எதற்கு என்றால், பயிற்சியில் தசை எரித்துத் தீர்த்த மாவுச்சத்தைத் திரும்ப நிரப்புவது அதுதான். அதை நிறுத்திவிட்டுக் கரண்டி பவுடரோடு படுக்கப் போனால் மறுநாள் பாரத்தைத் தூக்கவே தெம்பிருக்காது, நீங்களோ பவுடர் போதவில்லை என்று நினைத்து இன்னும் ஒரு டின் வாங்குவீர்கள். எனக்குக் கவலையே அங்கேதான்.

பிரேசிலில் பாரா மாநிலத்தின் தலைநகர் பெலெமில் அசாயியைச் சீனி போடாமல், மரவள்ளி மாவைத் தூவி, பொரித்த மீனோடோ இறாலோடோ சாப்பிடுகிறார்கள். அங்கே அது சாப்பாட்டோடு சேர்ந்த பொருள், சாப்பாட்டுக்குப் பதிலான மருந்து இல்லை. நாம் படங்களில் பார்க்கிற கிண்ணம், அதாவது குவாரானா என்ற அமேசன் விதையில் செய்த இனிப்புச் சிரப், வாழைப்பழம், கிரனோலா என்ற வறுத்த ஓட்ஸ் கலவை எல்லாம் போட்டது, ரியோ டி ஜெனீரோவில் ஜியு-ஜிட்சு என்ற மல்யுத்தம் போன்ற சண்டைக் கலை வீரர்களும் கடலலையில் சறுக்குகிறவர்களும் சாப்பிட்டுப் பிரபலமானது. அந்தக் கிண்ணம் அவர்களுக்குக் கொடுத்த உடனடிச் சக்தி பெரும்பாலும் சிரப்பிலும் வாழைப்பழத்திலும் இருந்து வந்தது. பயிற்சிக்கு அரை மணி நேரம் முன்னால் உங்களுக்கு இரண்டு கதலிப்பழம் போதும். கொழுப்புள்ள கிண்ணத்தை அந்த நேரத்தில் சாப்பிட்டால் வயிறு கனக்கும்.

டின்னில் ஆன்டிஒக்சிடன்ட், அதாவது உடல் செல்கள் சேதமாவதைத் தடுக்கும் பொருள் என்று சொல்வதன் அளவு என்று பெரிய எண் ஒன்றைப் போட்டிருப்பார்கள், அதைப் பார்த்து மயங்கவேண்டாம். அந்தக் கருநிறத்துக்குக் காரணமான அந்தோசயனின் உண்மையிலேயே பயனுள்ள பொருள், ஆனால் சோதனைக் குழாயில் வரும் எண்ணை வைத்து உடம்புக்குள் நடப்பதைச் சொல்ல முடியாது. இதனால்தான் அமெரிக்க விவசாயத் திணைக்களம் ஓராக் எனப்படும் அந்த எண்களின் பட்டியலை 2012இல் தன் இணையத்தளத்திலிருந்தே எடுத்துவிட்டது. சுவை பிடித்திருந்து, கையில் காசும் மிச்சம் இருந்தால் சீனி சேர்க்காத கூழாக வாங்கி எப்போதாவது தயிரில் அடித்துக் குடியுங்கள், நன்றாகவே இருக்கும். மீன் காசை எடுத்து மட்டும் வாங்காதீர்கள். கோச்சிடம் சண்டை வேண்டாம், டின்னின் பின்பக்கத்தில் புரதம் என்ற வரியை அவருக்கே காட்டுங்கள்.

கேள்வி: எனக்கு நீரிழிவு, மாத்திரை போடுகிறேன். மகள் கடையிலிருந்து அசாயி கிண்ணம் வாங்கி வருகிறாள், சீனி ஏறாது என்கிறாள். உண்மையா?
(வாசகி, கொட்டாஞ்சேனை)

பதில்: அம்மா, மகள் சொல்வது பாதி சரி. ஒன்றும் சேர்க்காத அசாயிக் கூழில் சீனி மிகக் குறைவு. கடைக் கிண்ணத்தில் அப்படி இல்லை. கூழிலேயே சிரப் கலந்திருக்கும், மேலே தேன், வாழைப்பழம், இனிப்புக் கிரனோலா வேறு. வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தால் சாப்பிடும் முன்னும், சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்தும் பாருங்கள், சந்தேகம் தீர்ந்துவிடும். பெட்டியில் வருவது என்றால் சேர்த்த சீனி எவ்வளவு என்று மகளையே வாசித்துச் சொல்லச் சொல்லுங்கள். இதைச் சாப்பிடுகிறோமே என்று மாத்திரையை மட்டும் குறைத்துவிடாதீர்கள், அது டொக்டர் சொல்லவேண்டியது. மகள் ஆசையாக வாங்கி வருகிறாள், வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு மனம் வராது. சிரப்பும் தேனும் இல்லாமல் சின்னக் கிண்ணமாக வாங்கச் சொல்லுங்கள்.

கேள்வி: அடுத்த வாரம் வயிற்றுக்கு எம்ஆர்ஐ ஸ்கேன். தினமும் அசாயி குடிக்கிறேன், பிரச்சினை உண்டா?
(வாசகர், தெஹிவளை)

பதில்: கேட்டது நல்லது. அசாயியில் மங்கனீஸ் அதிகம், அது எம்ஆர்ஐ படத்தில் இரைப்பையும் குடலும் தெரிகிற விதத்தையே மாற்றிவிடும். பிரேசிலில் ஸ்கேனுக்கு முன் குடிக்கக் கொடுக்கும் திரவமாகவே அசாயியைப் பயன்படுத்திப் பார்த்திருக்கிறார்கள். இன்றைக்கே ஸ்கேன் பிரிவுக்குத் தொலைபேசி எடுத்துச் சொல்லுங்கள், எத்தனை நாள் நிறுத்தவேண்டும் என்று அவர்கள் சொல்வார்கள். அதுவரை குடிக்கவேண்டாம்.