வாசகர் கேள்வி – பதில்: பிள்ளைகளோடு டிராக்கன்ஸ்பெர்க்

எங்கள் பிள்ளைகளுக்கு வயது 3, 6. கடற்கரையில் நன்றாக ஓடுவார்கள், மலையில் நடந்ததே இல்லை. ஒரு வார இறுதிக்கு பெர்க்கில் (தென்னாப்பிரிக்காவின் டிராக்கன்ஸ்பெர்க் மலைத்தொடரில்) எங்கே கூட்டிப் போகலாம்? எவ்வளவு தூரம் நடக்க வைக்கலாம்?
— ஒரு தாய், சாட்ஸ்வர்த்

முதல் நடைக்கு ஜயண்ட்ஸ் காசில் முகாமிலிருந்து மெயின் கேவ்ஸுக்குப் போகும் பாதையைத்தான் சொல்வோம். ஒரு வழி சுமார் 2 கிலோமீட்டர். புஷ்மன்ஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கு வழியாகப் போகிறது. பெரியவர்களுக்கு 40 நிமிடம். மூன்று வயதுப் பிள்ளையோடு இரண்டு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் குகைக்கு ஏறும் இடத்தில் மட்டும் மூச்சு வாங்கும். மேலே சான் என்னும் பழங்குடி மக்கள் தீட்டிய ஓவியங்கள் 500க்கும் மேல் இருக்கின்றன. எலாண்ட் மானைக் கண்டுபிடிக்கச் சொன்னால் பிள்ளைகளுக்கு வேறு விளையாட்டு வேண்டாம். வழிகாட்டி இல்லாமல் குகையின் வேலிக்குள் விடமாட்டார்கள், அவர் குறித்த நேரங்களில்தான் அழைத்துப் போவார். முகாம் அலுவலகத்தில் நேரத்தைக் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். இல்லாவிட்டால் பசித்த பிள்ளைகளோடு வேலிக்கு வெளியே காத்திருக்க வேண்டி வரும். ஓவியத்தைத் தொடவோ அதன்மேல் தண்ணீர் தெளிக்கவோ கூடாது. படத்தில் பளிச்சென்று விழ வேண்டும் என்று ஒரு காலத்தில் ஆட்கள் தண்ணீர் ஊற்றியே பல ஓவியங்கள் மங்கிப் போயின.

இரண்டாவது, ராயல் நேட்டால் தேசியப் பூங்காவில் மஹாய் முகாமிலிருந்து கேஸ்கேட்ஸ் அருவி. ஓடையை ஒட்டிய, நிழலுள்ள பாதை. கால் நனைக்க இடம் உண்டு. பிள்ளைகள் தெம்பாக இருந்தால் மக்கின்லே குளம் வரை போகலாம், இல்லாவிட்டால் அருவியோடு திரும்பலாம். இப்படி நடுவில் நிறுத்திக்கொள்ள வசதியுள்ள பாதைகளே சின்னப் பிள்ளைகளுக்கு ஏற்றவை. சுற்றிவரும் பாதையில் பாதி தாண்டிவிட்டால் திரும்புவதும் தொடர்வதும் ஒரே தூரம்தான்.

துகேலா பள்ளத்தாக்கு நடையை எல்லாரும் புகழ்வார்கள். போக வர சுமார் 14 கிலோமீட்டர். முடிவில் ஆற்றுப் பாறைகளைத் தாண்டி, குறுகிய பாறை இடுக்கில் தண்ணீருக்குள் நடந்து, சங்கிலி ஏணி ஏற வேண்டும். உங்கள் பிள்ளைகளுக்கு இது இன்னும் சில வருடம் கழித்து. ஆனால் முதல் பகுதி பெரும்பாலும் சமதளம். ஒரு மணி நேரம் போய்த் திரும்பினாலே ஆம்ஃபிதியேட்டர் மலைச்சுவர் கண் நிறையத் தெரியும். மங்க்ஸ் கௌலில் ஸ்ஃபிங்க்ஸ் பாறைக்குப் போகும் பாதை வரைபடத்தில் குட்டையாகத் தெரியும், அதை நம்பாதீர்கள். செங்குத்தான ஏற்றம், படி படியாக. மூன்று வயதுக்காரருக்கு ஒவ்வொரு படியும் முழங்கால் உயரம், இறங்கும்போது தூக்கித்தான் வர வேண்டும்.

தூரத்தைவிட நேரத்தைக் கணக்கிடுங்கள். ஓய்வும் கல் பொறுக்குவதும் சேர்த்து மூன்று வயதுப் பிள்ளை மணிக்கு 1 கிலோமீட்டர், ஆறு வயதுப் பிள்ளை 2 கிலோமீட்டர். திட்டம் சின்னவரின் வேகத்துக்குத்தான். பெரியவர்கள் திரும்பும்போது வேகமாக நடப்பார்கள், பிள்ளைகள் அதற்கு நேர் எதிர். அதனால் கையில் மூன்று மணி நேரம் இருந்தால் ஒன்றேகால் மணி நேரம் ஆனதும் திரும்பிவிடுங்கள், அருவி அடுத்த வளைவில்தான் என்று யார் சொன்னாலும்.

பூட்ஸ் வாங்கச் செலவழிக்க வேண்டாம். அடிப்பாகம் தேயாத, பழகிய ஓட்டக் காலணி போதும். மாற்றுக் காலுறை இரண்டு ஜோடி எடுத்துக்கொள்ளுங்கள். டர்பனிலிருந்து மூன்று மணி நேரம் காரில் உட்கார்ந்து வந்த பிள்ளையை அன்றைக்கே நடக்க வைத்தால் அழுகைதான். முதல் நாள் மாலையே வந்து தங்குங்கள். கிளம்பும் முன் மலைப் பதிவேட்டில் பெயர்கள், பாதை, திரும்பும் நேரம் எழுதுங்கள். பள்ளத்தாக்குகளில் போன் பெரும்பாலும் வேலை செய்யாது. உங்களைத் தேடி வருகிறவர்களுக்கு அந்த ஏடுதான் துப்பு. திரும்பியதும் கையெழுத்துப் போட மறக்காதீர்கள், இல்லையென்றால் நீங்கள் வீட்டில் தூங்கும்போது அவர்கள் மலையில் தேடிக்கொண்டிருப்பார்கள்.

டிசம்பர் விடுமுறைக்கு அறை எடுத்துவிட்டோம். தினமும் பிற்பகலில் இடிமழை என்று வானிலை அறிக்கை சொல்கிறது. ரத்து செய்துவிடலாமா?
— இரண்டு பிள்ளைகளின் தகப்பன், ஃபீனிக்ஸ்

வேண்டாம். பெர்க்கில் கோடை முழுக்கவே அப்படித்தான். காலை வெயிலில் சூடான ஈரக்காற்று மலைச்சுவரில் மோதி மேலே ஏறுகிறது. நண்பகலுக்குள் மேகம் திரண்டு, இரண்டு மூன்று மணிக்கு இடிக்கும். ஆகவே பிற்பகலை விட்டுவிட்டு காலையை எடுத்துக்கொள்ளுங்கள். ஆறரைக்குப் பாதையில் கால் வைத்து, பதினொன்றரைக்குக் காருக்குத் திரும்பிவிட வேண்டும். தப்பு நடப்பது எப்போதும் ஒரே விதம்தான்: நிதானமாகப் பசியாறி, ஒன்பதரைக்குக் கிளம்பி, தூரத்து முனையில் நிற்கும்போது வானம் கறுக்கும்.

மின்னல் கண்டதிலிருந்து இடி கேட்கும் வரை எண்ணுங்கள். மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீட்டர். 30 எண்ணுவதற்குள் இடி கேட்டால் 10 கிலோமீட்டருக்குள் வந்துவிட்டது, உடனே இறங்குங்கள். கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் வரை மறுபடி கிளம்ப வேண்டாம். பாதுகாப்பு என்றால் கட்டடம், அல்லது கண்ணாடி ஏற்றிய கார். தனி மரம், மேட்டு முகடு, ஓடைக்கரை, கம்பி வேலி எதுவும் ஆகாது. மழைக்கு ஒதுங்கத் தோன்றும் ஆழமில்லாத பாறைக்குடைவும் ஆகாது: பாறையில் இறங்கும் மின்சாரம் குடைவின் வாயில் மேலிருந்து கீழே தாவக்கூடும். வெட்டவெளியில் மாட்டிக்கொண்டால் தாழ்வான இடத்தில் பையைக் கீழே போட்டு, அதன்மேல் கால்களைச் சேர்த்துக் குந்துங்கள். எல்லாரும் ஒரே கும்பலாக இருக்க வேண்டாம். ஆளுக்கொரு பிள்ளையோடு சில மீட்டர் தள்ளி இருங்கள். படுக்கக் கூடாது.

இன்னொன்று, ஓடை. நீங்கள் நிற்கும் இடத்தில் மழையே இல்லாமல் மேலே பெய்தாலும் தண்ணீர் திடீரென்று ஏறும். காலையில் கணுக்கால் அளவில் தாண்டிய இடம் கலங்கி இரைந்தால் கடக்காதீர்கள். இந்தப் பக்கமே, கரையைவிட்டு விலகிக் காத்திருங்கள், பெரும்பாலும் சில மணி நேரத்தில் வடியும். ஆளுக்கொரு மழைச்சட்டையும் உலர்ந்த மேல்சட்டையும் பிளாஸ்டிக் பையில் கட்டி எடுத்துப்போகச் சொல்வது இதற்காகத்தான். கோடையிலும் நனைந்த பிள்ளை மலைக்காற்றில் கால் மணி நேரத்தில் நடுங்கத் தொடங்கும்.

பத்து மாதக் குழந்தையை முதுகில் சுமந்து நடக்கலாமா?
— மியர்பேங்க் வாசகி

தலை நின்று, தானாக உட்காரும் குழந்தை என்றால் சட்டம் போட்ட கேரியரில் வைக்கலாம். குழந்தை, கேரியர், நாப்பி, தண்ணீர் எல்லாம் சேர்ந்து 15 கிலோவைத் தொடும். வீட்டில் படிக்கட்டு ஏறி இறங்கிப் பழகுங்கள். எடை இடுப்புப் பட்டையில் இறங்க வேண்டும்; தோளில் தொங்கினால் பட்டையைச் சரியாக இறுக்கவில்லை.

பலர் ஏமாறுவது குளிரில். சுமப்பவருக்கு வியர்க்கும், குழந்தையோ அசையாமல் உட்கார்ந்திருக்கும். உங்கள் உடம்புச் சூட்டை வைத்து அதற்கு உடுத்தாதீர்கள். அரை மணிக்கு ஒருமுறை பிடரியில் கை வைத்துப் பாருங்கள், கால் தொங்கி மரத்துப்போகாமல் இறக்கி நீட்டி விடுங்கள். குகைவாயிலிலும் தாழ்ந்த கிளையிலும் நீங்கள் குனிந்தால் போதாது, உங்களுக்கு மேலே ஒரு தலை இருக்கிறது. ஓடைக் கற்களில் தாண்டும்போது குழந்தை எதிர்பாராமல் சாயும். கையில் ஒரு தடி இருக்கட்டும்.

செப்டம்பர் விடுமுறையில் போகிறோம். புரட்டாசி விரதம், வீட்டில் அசைவம் கிடையாது. கெடாத சாப்பாடு என்ன கட்டலாம்?
— டொங்காட்

புளிச்சாதம், பூரியோடு வறண்ட உருளைக்கிழங்குப் பிரட்டல், வறுத்த பத்தா (சேப்ப இலையில் மாவு தடவிச் சுருட்டியது), உருளை அல்லது பீன்ஸ் பிரட்டல் வைத்த ரோட்டி ரோல். தேங்காய்ச் சட்னியும் தேங்காய்ப்பால் சேர்ந்ததும் வெயிலில் முதலில் கெடும்; தயிர்ச்சாதம் குளிர்ப்பெட்டியில் வைத்து முகாமில் சாப்பிடுவதற்கு மட்டும். எதையும் நன்றாக ஆறிய பிறகே மூடுங்கள், சூட்டோடு மூடினால் வேர்த்துப் புளித்துவிடும். பிள்ளைகளுக்கு ஒரே வேளையாக வைக்காமல் 40 நிமிடத்துக்கு ஒருமுறை கையில் கொஞ்சம்: பொடித்த வேர்க்கடலை உருண்டை, பேரீச்சை, தோல் எளிதில் உரியும் ஆரஞ்சு. ஐந்து வயதுக்குக் கீழே முழு வேர்க்கடலை கொடுக்காதீர்கள், நடந்துகொண்டே மென்றால் புரையேறும். தண்ணீர் பிள்ளைக்கு ஒரு லிட்டர், பெரியவருக்கு இரண்டு.

கார் நிறுத்துமிடத்தில் பபூன் குரங்குகள் காத்திருக்கும். அங்கே பையைத் திறக்காதீர்கள், பிள்ளையின் கையில் ரொட்டி கொடுத்து இறக்காதீர்கள். பையைப் பிடித்து இழுத்தால் விட்டுவிடுங்கள். அதன் கோரைப்பல் பெரிது. செப்டம்பரில் புல் காய்ந்து கிடக்கும், காற்றும் வீசும். கேஸ் அடுப்பு கூட முகாமோடு நிற்கட்டும். புகை தெரியும் பக்கம் நடக்காதீர்கள்.

பேரப்பிள்ளைகளைப் புல்லுக்குள் விட எனக்குப் பயம். பாம்பு?
— ஓர் ஆயா, பீட்டர்மரிட்ஸ்பர்க்

பயம் நியாயமானதே, ஆனால் பாதையைவிட்டு விலகாத பிள்ளைக்கு ஆபத்து குறைவு. பெரும்பாலான பாம்புகள் காலடி அதிர்வில் விலகிவிடும். பஃப் ஆடர் என்னும் விரியன் மட்டும் விலகாது. நிறத்தை நம்பி, வெயில் பட்ட பாதையிலேயே அசையாமல் கிடக்கும். அதனால் முன்னால் எப்போதும் பெரியவர் ஒருவர் நடக்கட்டும், பிள்ளைகள் ஓடிப்போய் முந்தக் கூடாது, பாறைக்கு அந்தப்பக்கம் பார்க்காமல் கை வைக்கவோ கால் வைக்கவோ கூடாது. கடித்துவிட்டால் கீறுவது, உறிஞ்சுவது, கயிறு கட்டுவது எதுவும் வேண்டாம். பிள்ளையை நடக்க விடாமல் தூக்கி, கடிபட்ட காலை அசையாமல் வைத்து மருத்துவமனைக்குப் போங்கள். செல்போனில் 112.

பாம்பைவிட அடிக்கடி வருவது உண்ணி. இரவு குளிக்கும்போது அக்குள், இடுப்பு மடிப்பு, காதுக்குப் பின்னால், தலைமுடிக்குள் தேடுங்கள். இருந்தால் சாமணத்தால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள்; எண்ணெய், நெருப்பு வேண்டாம். அடுத்த ஒன்றிரண்டு வாரத்தில் காய்ச்சலும் தலைவலியும், உடம்பில் கறுத்த பொருக்கோடு ஒரு புண்ணும் கண்டால் மருத்துவரிடம் உண்ணி கடித்ததைச் சொல்லுங்கள்.

நடுவழியில் பிள்ளை உட்கார்ந்துவிட்டால்?
— ஸ்டேங்கர்

முதலில் தின்னக் கொடுங்கள், பிறகு காலணியைக் கழற்றிப் பாருங்கள். பத்தில் எட்டுமுறை பசி அல்லது காலுறைக்குள் கல். குதிகால் சிவந்திருந்தால் கொப்புளம் வருமுன்பே பிளாஸ்டர் ஒட்டுங்கள். இரண்டும் இல்லையென்றால் நடை அத்தோடு முடிந்தது, திரும்புங்கள். சாக்லேட் ஆசை காட்டி முன்னால் இழுக்காதீர்கள், அதைத் திரும்பும் வழிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

சானி கணவாய் மேலே போய் நடக்கலாமா? பிள்ளைக்கு 4 வயது.
— லெனேசியா

உச்சி 2,800 மீட்டருக்கு மேல். ஃபோர் பை ஃபோர் வண்டி வேண்டும், லெசோத்தோவுக்குள் நுழைவதால் பிள்ளைக்கும் பாஸ்போர்ட் வேண்டும். பெற்றோரில் ஒருவர் வராவிட்டால் அவருடைய சம்மதக் கடிதம் பற்றி முன்கூட்டியே உள்துறை அலுவலகத்தில் கேளுங்கள். ஒரே நாளில் அவ்வளவு உயரம் ஏறினால் தலைவலியும் குமட்டலும் வரலாம். நான்கு வயதுப் பிள்ளை தலை வலிக்கிறது என்று சொல்லாது. சிணுங்கும், சாப்பிட மறுக்கும், துவண்டு கிடக்கும். அப்படிக் கண்டால் மருந்து தேடாமல் வண்டியைக் கீழே இறக்குங்கள். மேலே வெயிலிலும் காற்று வெட்டும், குல்லாவும் கையுறையும் எந்த மாதத்திலும் பையில் இருக்கட்டும்.